வௌவால் குகை போஸ்டர்

ஆராய்ச்சி மாணவி இசக்கியம்மாள் ஒரு மலைக்குகையில் வௌவால்களின் ஒலியைப் பதிவு செய்து, மாநாட்டில் வைக்கும் ஆய்வுப் போஸ்டரைத் தனியாகவே தயாரித்தாள். அது அச்சாகி மாநாட்டுக்கு வந்தபோது அதில் அவள் பெயரே இல்லை. அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் வேதநாயகத்தின் பெயர் மட்டும் பெரிதாக இருந்தது.

“குகையில கிடந்தது நான்னுதான் சொல்வேன். நீ தலையாட்டினா போதும். இல்லேன்னா உன் ஆய்வேட்டுல என் கையெழுத்து விழாது” என்றார் அவர்.

“சரிங்க சார்” என்றாள் இசக்கியம்மாள்.

போஸ்டர்களை மதிப்பிடும் நடுவராகப் பல்கலைக்கழக ஆய்வுத் துறைத் தலைவி வந்தார். பேராசிரியர் குகையில் தான் பட்ட பாட்டை அளந்துகொண்டிருக்க, இசக்கியம்மாள் பணிவாக நடுவரிடம் ஹெட்போனை நீட்டினாள். சிறகடிப்புக்கு நடுவே ஒரு மூச்சு கேட்டது. நீளமான மூச்சு, காதுக்குப் பக்கத்திலேயே.

நடுவரின் முகம் வெளுத்தது. “யார் இது?”

“சார்தான் சொல்லணும் மேடம்.”

“என் மூச்சுதான்! கருவிக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேனே” என்று சிரித்தார் பேராசிரியர்.

“எப்படி சார்? கருவியை உள்ளே வெச்சுக் கம்பிக்கதவைப் பூட்டி, சாவியை வனத்துறை ஆபீஸ்ல கொடுத்துட்டேன். ஒரு வாரம் கழிச்சு அவங்களோட போய்த்தானே திறந்தோம்?”

நடுவர் பேனாவை எடுத்து, போஸ்டரில் பேராசிரியர் பெயரை அடித்து இசக்கியம்மாள் பெயரை எழுதினார். “உன் ஆய்வேட்டை இனி நான் பார்த்துக்கறேன்” என்றவர், தயங்கிக் கேட்டார்: “அப்போ அந்த மூச்சு?”

இசக்கியம்மாளின் குரல் தாழ்ந்தது.

“தெரியலை மேடம். நாங்க பூட்டைத் திறந்தப்போ, குகைக்கோடியில வெச்ச கருவி கதவுகிட்ட வந்து நின்னுட்டு இருந்துச்சு.”