லட்சத்து மூன்று எறும்புகள்

"தள்ளிவிடுடா அவளை!" என்று உடும்பு கத்தியது.

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேசும். அன்றைக்கு எல்லாமே அலறின. காட்டுக்குள் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. தப்பிக்க மேட்டில் ஒரே ஒரு குகை. அதன் வாசலை மறித்து உட்கார்ந்த உடும்பு ஒரு சட்டம் போட்டிருந்தது. எந்தக் கூட்டமும் சம வரிசைகளாக நின்றுதான் உள்ளே வர வேண்டும். மிஞ்சுவது உடும்புக்குச் சாப்பாடு. காடைகள் ஐந்து வரிசையாக நின்றன. மிஞ்சிய இரண்டையும் விழுங்கிவிட்டுத்தான் உடும்பு வழிவிட்டது.

அடுத்தது எறும்புகள். மொத்தம் லட்சத்து மூன்று. அப்போதெல்லாம் எறும்புகள் கும்பலாகத்தான் போகும். தலைவன் சுறுக்கன் அவர்களை இரண்டு வரிசையாக நிறுத்தினான். ஒருத்தி மிஞ்சினாள். பொடிச்சி. கால் சரியில்லாதவள், எப்போதும் கடைசியில் வருபவள். மூன்று வரிசை வைத்தான். பொடிச்சி மிஞ்சினாள். ஆறு வைத்தான், பொடிச்சி. ஏழிலும் அவளேதான்.

"அவளைத் தள்ளு. லட்சத்து இரண்டு ஆகிவிடும். அது சொன்ன பேச்சு கேட்கிற எண். இரண்டா நில்லு, மூணா நில்லு, ஆறா, ஏழா, எப்படிச் சொன்னாலும் நிற்கும்" என்றது உடும்பு.

"தள்ளிடு அண்ணே. தண்ணி ஏறுது. என் ஒருத்திக்காக இத்தனை பேர் சாகணுமா?" என்றாள் பொடிச்சி.

"வாயை மூடு. பதினொண்ணு பார்ப்போம்" என்றான் சுறுக்கன்.

பதினொன்றில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். பதின்மூன்றில் ஏழு பேர். சுறுக்கன் எண்ணைத் திட்டிக்கொண்டே முந்நூற்றுப் பதினாறு வரை நிறுத்திப் பார்த்துவிட்டான். ஒவ்வொன்றிலும் யாராவது மிஞ்சினார்கள். அதற்கு மேல் பார்ப்பது வீண். வரிசைகள் கூடினால் வரிசையின் நீளம் குறையும். எண்ணிக்கையும் நீளமும் இடம் மாறி, பார்த்த கணக்கே திரும்ப வரும்.

அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரிய எண்! பக்கத்து எண் கேட்டவருக்கெல்லாம் பிளந்து கொடுக்கிறது. இதன்மேல் எந்த எண் வந்து மோதினாலும் கீறல்கூட விழவில்லை. பொடிச்சி கூட நிற்பதால்தான் இது இப்படி இருக்கிறது. அவன் திட்டுவதை நிறுத்தினான். உடும்பின் பக்கம் திரும்பினான்.

"ஒரே வரிசையா வர்றோம்" என்றான்.

உடும்பு சிரித்தது. "ஒண்ணெல்லாம் ஒரு கணக்காடா?"

"எண்ணிக்கோ. மிஞ்சினா தின்னு."

ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். மிச்சத்துக்காக உடும்பு நாக்கை நீட்டியபடி காத்திருந்தது. கடைசியில், பின்னங்காலை இழுத்துக்கொண்டு பொடிச்சி நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளம்தான் இருந்தது.

அன்று முதல்தான் எறும்புகள் எங்கே போனாலும் ஒற்றை வரிசையில் போகின்றன. குறுக்கே விரலை வைத்துப் பாருங்கள், சுற்றி வந்து மறுபடி சேர்ந்துகொள்ளும். ஒருத்தியைத் தள்ளிவிட்டால் வேலை சுலபம் என்று சுறுக்கனிடம் சொன்னார்கள். அவளும்தான் சொன்னாள். அவன் தள்ளவில்லை.