ஆள்காட்டி வீராயி டவுன் பார்த்த கதை

ஒரு கண்மாய்க் கரையில் வீராயி என்ற ஆள்காட்டிக் குருவி குடியிருந்தாள். பெயரில்தான் வீரம். அவளைப் போலப் பயப்படுகிற பிறவியை அந்தக் கண்மாய் பார்த்ததே இல்லை.

நரி வந்தாலும் கத்துவாள். நாய் வந்தாலும் கத்துவாள். காய்ந்த பனை ஓலை ஒன்று விழுந்தாலும் "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று கரையே அதிரக் கத்துவாள். வாயில் இருந்த மீனை நழுவவிட்ட கொக்குகள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டும். ஆனாலும் யாரும் அவளை விரட்டவில்லை. எத்தனையோ தடவை வீணாகக் கத்தினாலும் என்றாவது ஒரு நாள் நிஜமாகவே பருந்து வந்துவிடும் அல்லவா?

வீராயிக்கு மூன்று குஞ்சுகள். கடைக்குட்டியின் பெயர் பவுனு. மூன்றுக்கும் இன்னும் பறக்கத் தெரியாது. தத்தித் தத்தி ஓடத்தான் தெரியும். முட்டையை விட்டு வந்த அன்றே அவற்றுக்கு வீராயி இரண்டு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"டிட்டிட்டீ" என்று சத்தம் கேட்டால் நிற்கிற இடத்திலேயே படுத்துவிட வேண்டும். கழுத்தைத் தரையோடு ஒட்டிக்கொண்டு மண்ணாங்கட்டி போலக் கிடக்க வேண்டும். இது முதல் பாடம். ஆபத்து போன பிறகு வீராயி இறக்கையைத் தாழ்த்தி உட்கார்ந்து, தொண்டைக்குள்ளேயே "கிர்ர்... கிர்ர்..." என்று மெதுவாகக் கூப்பிடுவாள். அதைக் கேட்ட பிறகுதான் எழுந்து வந்து இறக்கைக்குள் அண்டிக்கொள்ள வேண்டும். இது இரண்டாவது பாடம்.

குஞ்சுகளின் நிறமும் கண்மாய் மண்ணின் நிறமும் ஒன்றுதான். படுத்துவிட்டால் பருந்தின் கண்ணுக்கே தெரியாது. இந்த இரண்டு பாடத்தால்தான் மூன்று குஞ்சுகளும் உயிரோடு இருந்தன.

இப்படி இருக்கும்போது டவுனிலிருந்து ஒரு மைனா சேதி கொண்டுவந்தது. வீராயியின் புருஷனுக்கு ராக்கம்மா என்று ஓர் அக்கா உண்டு. அவள் டவுனில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் குடியிருந்தாள். முழுப்பரீட்சை லீவு விட்டாயிற்று, மைதானம் காலியாகக் கிடக்கிறது, தம்பி பிள்ளைகளை நான் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, உடனே அனுப்பிவை என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

வீராயி பயந்து போனாள். புருஷனால் துணைக்கு வர முடியாது. இடத்தை விட்டுப் போனால் வேறு எவனாவது வந்து உட்கார்ந்துகொள்வான். தனியாக, மூன்று பறக்காத பிள்ளைகளோடு, டவுனுக்கா? போகவில்லை என்றாலும் வம்பு. தம்பி பொண்டாட்டி ஒரு பயந்தாங்கொள்ளி என்று மதினி ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். இப்போது பதினாலு பேரிடம் சொல்வாள்.

அந்தப் பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்ததால் வீராயி கிளம்பினாள். வயலில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்த லாரியில் குஞ்சுகளை ஏற்றி, வைக்கோலுக்குள் பதுக்கி, வழி நெடுகக் கண்ணை மூடாமல் டவுன் போய்ச் சேர்ந்தாள்.

ராக்கம்மா பாசக்காரி. அதில் குறையே சொல்ல முடியாது. குழாயடி ஈரத்தில் புழுப் புழுவாகத் தோண்டி வைத்திருந்தாள். பிள்ளைகளை மாற்றி மாற்றி மூக்கால் கோதிவிட்டாள். அவளுக்கும் இரண்டு குஞ்சுகள் இருந்தன. அவையும் இவையும் வந்த உடனே ஒட்டிக்கொண்டன.

"நாளைக்கு ஒரே நாள்ல டவுனு முழுக்கக் காட்டிப்பிடுறேன். கோபுரம், மார்க்கெட்டு, ரயில்வே ஸ்டேஷன், மணிக்கூண்டு, கடைசியா தெப்பக்குளம். பொழுது சாயறதுக்குள்ள உங்களை அந்த வைக்கோல் லாரியிலேயே ஏத்தி விட்டுருவேன்" என்றாள் ராக்கம்மா.

"தெப்பக்குளம்னா என்ன அத்தை?" என்று கேட்டாள் பவுனு.

"உங்க கண்மாய் மாதிரிதாண்டி. ஆனா நாலு பக்கமும் படிக்கட்டு இருக்கும்."

பவுனுக்கு அதைக் கேட்டதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. கண்மாய்க்குப் படிக்கட்டு கட்டியிருப்பார்களா?

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ராக்கம்மா எல்லோரையும் கிளப்பிவிட்டாள். ஊர் சுற்றிக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. காட்டுவதைவிடக் காட்டி முடிப்பதில்தான் அவர்களுக்கு ஆனந்தம். ராக்கம்மாவுக்கும் அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. "ம், பாத்தாச்சா? நடங்க, நடங்க" என்பதுதான் அன்று முழுக்க அவள் பேச்சு.

கோபுரத்தடியில் குஞ்சுகள் அண்ணாந்து பார்த்தன. வீராயியும் பார்த்தாள். கோபுர உச்சியில் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது.

"டிட்டிட்டீ!" என்று கத்திவிட்டாள்.

அவளுடைய மூன்று குஞ்சுகளும் நின்ற இடத்தில் தரையோடு தரையாகப் படுத்தன. ராக்கம்மாவின் இரண்டு குஞ்சுகளோ தலைதெறிக்க ஓடி ஒரு பூக்கடைப் பலகைக்கு அடியில் புகுந்துகொண்டன. டவுனில் வளர்ந்த குஞ்சுகளுக்கு அந்தச் சத்தம் கேட்டால் ஓட்டம்தான். இங்கே ஆபத்து சக்கரத்தில் வருகிறது. படுத்தால் நசுங்கிப் போக வேண்டியதுதான்.

ஒரே சத்தத்துக்கு ஒரு வீட்டுப் பிள்ளை படுக்கிறது, இன்னொரு வீட்டுப் பிள்ளை ஓடுகிறது. ஏன் என்று ராக்கம்மா ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வீராயியாவது சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்க அவளுக்கு நேரமில்லை. சொல்ல இவளுக்குத் தைரியமில்லை. "அது கோபுரத்துல குடியிருக்கிற பருந்து, தின்னுபுட்டுத் தூங்குது, நடங்க" என்று ராக்கம்மா எல்லோரையும் தள்ளிக்கொண்டு போனாள்.

மார்க்கெட்டில் ஒரு தகர டப்பா உருண்டது. "டிட்டிட்டீ!" குஞ்சுகள் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் படுத்தன. ஸ்டேஷனில் ரயில் கூவியது. "டிட்டிட்டீ!" குஞ்சுகள் தண்டவாளத்துக்குப் பக்கத்து ஜல்லியில் படுத்தன. மணிக்கூண்டில் மணி அடித்தபோது கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வீராயி உட்கார்ந்து "கிர்ர்" என்று கூப்பிட்டு எழுப்ப வேண்டியிருந்தது. எழுந்து அவை தலையைத் தூக்குவதற்குள் ராக்கம்மா அடுத்த இடத்துக்குக் கிளப்பினாள். மணிக்கூண்டில் பிள்ளைகள் பார்த்தது தரையை மட்டும்தான்.

எது ஆபத்து, எது வெறும் சத்தம் என்று வீராயியால் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. எல்லாமே பெரிதாக இருந்தது. எல்லாமே வேகமாக வந்தது. ராக்கம்மாவுக்கோ பொழுது சாய்கிறதே என்ற கவலை. நேரம் ஆக ஆக அவள் பொறுமை தேய்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் ஒரு பலூன் வெடித்து, வீராயி கத்தியபோது ராக்கம்மா திரும்பி நின்றாள்.

"ஏத்தா வீராயி, என்னத்துக்கு இப்பிடிச் சும்மா சும்மா கத்துற? ஊரே நம்மளைப் பாத்துச் சிரிக்குது. இனி ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது, ஆமா."

பிள்ளைகள் எதிரில் அப்படிச் சொன்னதும் வீராயிக்கு முகம் செத்துப் போயிற்று. "சரி மதினி" என்று சொல்லி அலகை இறுக மூடிக்கொண்டாள்.

தெப்பக்குளம் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்தே தண்ணீர் மினுங்குவது தெரிந்தது. பவுனு எக்கி எக்கிப் பார்த்தாள்.

"சிக்னல்ல சிவப்பு எரியும்போது வண்டியெல்லாம் நிக்கும். அந்நேரம் கடந்துரணும். பராக்குப் பாக்காம ஓடியாங்க" என்றாள் ராக்கம்மா. பறக்கத் தெரிந்த பெரியவர்கள் இருவரும் பிள்ளைகளோடு நடந்தே போனார்கள். சிவப்பு எரிந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன. முன்னால் ஒரு டவுன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

ரோட்டை முக்கால்வாசி தாண்டியிருப்பார்கள். சிக்னலை மதிக்காத ஒரு மோட்டார் பைக் குறுக்கே பாய்ந்து வந்தது.

"டிட்டிட்டீ!"

இந்தத் தடவை கத்தியது ராக்கம்மா.

அவளுடைய குஞ்சுகள் பறந்தடித்து ஓடிக் கரையேறின. பதறிப்போன பெரியவர்கள் இருவரும் கூடவே ஏறினார்கள். வீராயியின் பெரிய பிள்ளைகள் இரண்டும் அதற்குள் அந்தப் பக்க மண்ணில் கால் வைத்திருந்தன. அங்கேயே படுத்துக்கொண்டன. பைக் யாரையும் தொடாமல் போய்விட்டது. எல்லோருக்கும் பின்னால் வந்த பவுனு மட்டும் படுத்தது பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே.

ராக்கம்மாவுக்கு உயிரே போய்விட்டது. "ஓடு! ஏ பிள்ளை, எந்திரிச்சு ஓடு! டிட்டிட்டீ!" என்று கத்தினாள். அவளைப் பார்த்து அவள் பிள்ளைகளும் கத்தின. மின்கம்பி மேல் இருந்த காக்கைகளும் சேர்ந்து கத்தின. கத்தக் கத்தப் பவுனு இன்னும் இறுகித் தார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டாள். அம்மா சொல்லிக் கொடுத்த பாடத்தை அவள் கொஞ்சமும் பிசகாமல் செய்தாள். ஆனால் கண்மாய் மண்ணில் மறைகிற நிறம் கருப்புத் தாரில் மறையுமா? மறைந்தால்தான் என்ன, சக்கரத்துக்குக் கண்ணா இருக்கிறது?

வீராயியின் தொண்டை வரைக்கும் அலறல் வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அவளுக்குப் பயம் வந்தால் தெரிந்தது அது ஒன்றுதான். அலகைத் திறந்தும்விட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான் கத்தினாலும் என் பிள்ளை படுத்துத்தான் கிடப்பாள். நான்தானே அப்படிப் பழக்கியிருக்கிறேன்?

அலறலை விழுங்கினாள். திரும்ப ரோட்டுக்குள் இறங்கி நடந்தாள். பஸ்ஸுக்குக் கொஞ்சம் தள்ளி, நடு ரோட்டில், கண்மாய்க் கரையில் சாயங்காலம் உட்காருவது போல இறக்கையைத் தாழ்த்தி உட்கார்ந்தாள். குரல் நடுங்கினால் பிள்ளை நம்ப மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"கிர்ர்... கிர்ர்..."

அந்தக் கூச்சலில் அது அமுங்கிப் போயிற்று. பவுனு அசையவில்லை.

"மதினி, எல்லாரையும் கொஞ்சம் வாயை மூடச் சொல்லுங்க" என்றாள் வீராயி. கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ராக்கம்மாவுக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று வாயை மூடினாள். இறக்கையை வீசித் தன் பிள்ளைகளையும் அடக்கினாள். கூடக் கத்த ஆள் இல்லாததால் காக்கைகளும் நிறுத்தின.

"கிர்ர்... கிர்ர்... வா தாயி. போயிருச்சு. அண்டிக்க வா."

பவுனு ஒரு கண்ணைத் திறந்தாள். அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இறக்கை தாழ்ந்திருக்கிறது. அப்படியானால் பயமில்லை. எழுந்தாள். இறக்கைக்கு வருகிற குஞ்சு ஓடி வராது, ஆடி அசைந்துதான் வரும். பவுனும் அப்படித்தான் வந்தாள். நடுவில் நின்று கால் சொறிந்துகொண்டாள். பஸ் ஓர் உறுமல் உறுமியது. ராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சீக்கிரம் வாடி என்று கத்த வேண்டும் போல வீராயிக்கு நெஞ்சு வெடித்தது. கத்தவில்லை. "கிர்ர்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே, உட்கார்ந்தபடியே ரோட்டோரத்துக்குப் பின்வாங்கினாள். இறக்கையைத் தேடிப் பவுனும் கூடவே வந்தாள்.

அவள் கால் மண்ணை மிதித்ததும் பச்சை விளக்கு எரிந்தது. பவுனு படுத்திருந்த இடத்தின் மேல் பஸ் சக்கரம் ஏறிப் போனது.

பிறகு ராக்கம்மா மெல்லக் கேட்டாள். "கத்தல் கேட்டா உன் பிள்ளைக படுத்துக்கிருமா? இதை ஏன் ஆத்தா என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"நீங்க எங்க மதினி நிக்க விட்டீங்க?" என்றாள் வீராயி. சொன்ன பிறகு அவளே தொடர்ந்தாள். "தப்பு என்னுதும்தான். ஓலை விழுந்தாலும் கத்தி, பலூன் வெடிச்சாலும் கத்தி, படுக்கிறதை மட்டுமே பிள்ளைகளுக்குப் பழக்கிட்டேன்."

அன்று வைக்கோல் லாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. அது அவர்கள் இல்லாமலே ஊருக்குப் போயிற்று. எல்லோரும் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். "பாத்தாச்சா" என்று ராக்கம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பவுனு ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்த் தண்ணீரில் அலகை நனைத்துப் பார்த்துவிட்டு, நம்ம கண்மாய்த் தண்ணிதான் ருசி என்று தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாள் வேறொரு லாரியில் ஊருக்குத் திரும்பியதும், டவுனில் என்ன பார்த்தாய் என்று அப்பா கேட்டார்.

"படிக்கட்டு பாத்தேன். அப்புறம் ரோட்டுல அம்மா உக்காந்திருந்தாங்க, அதைப் பாத்தேன்" என்றாள் பவுனு.

அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு பனை ஓலை பொத்தென்று விழுந்தது. கொக்குகளெல்லாம் வாயில் இருந்த மீனை இறுகப் பிடித்துக்கொண்டு வீராயியைப் பார்த்தன. வீராயியும் ஓலையைப் பார்த்தாள். ஓலைதான் என்று தெரிந்ததும் பேசாமல் புழு பொறுக்கப் போனாள்.

ஆபத்தில் நாம் போடும் கூச்சல் பிள்ளையின் காலைக் கட்டிப்போடும். பயத்தை விழுங்கிக்கொண்டு அமைதியாகக் கூப்பிடும் குரலே அதை எழுந்து வரச் செய்யும்.