கோயில் நடையில் கேட்கும் குருவிக் குரல்

அந்தக் காலத்தில் குருவி, பூனை, மரப்பலகை எல்லாமே பேசும். பலகைக்கு மட்டும் சத்தமாகப் பேச வராது. முணுமுணுப்புதான்.

ஜப்பான் தேசத்தில் மலையோரம் ஒரு புத்தர் கோயில். அதைச் சுற்றிலும் நீளமான பலகை நடை. வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். அதனால் யார் நடந்தாலும் சத்தமே இருக்காது. நடையை ஒட்டிய புதரில் ஹரு என்ற குருவி கூடு கட்டியிருந்தாள். அவள் பாடினால், தியானத்தில் இருக்கிற பிட்சுக்கள்கூட அரைக்கண்ணைத் திறந்து பார்ப்பார்கள்.

முதல் ஈட்டுக் குஞ்சுகளை ஒரு பூனை தின்றுவிட்டது. பலகை மேலேயே பூப்போல நடந்து வந்து, புதருக்குள் காலை நுழைத்துவிட்டது. ஹரு பக்கத்திலேதான் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றும் விழவில்லை.

இரண்டாவது ஈடும் பொரிந்தது. பூனை மறுபடியும் வந்து வேலியோரம் உட்கார்ந்து சாவகாசமாக முகம் கழுவியது.

ஹரு பலகையிடம் போனாள். "அண்ணே, அது உன் மேலே கால் வைத்ததும் ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

"குரல் இருந்தால் கொடுக்க மாட்டேனா, தங்கச்சி? நாளெல்லாம் என் மேலே உட்கார்ந்து ஓதுகிறார்கள். கூடச் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை."

ஹரு கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம், "என்னுடையதை எடுத்துக்கொள்" என்றாள்.

அவள் புருஷன் பதறிப்போனான். "பைத்தியமா உனக்கு? உன் பாட்டைக் கேட்டுத்தானே பின்னாலேயே வந்தேன்! இனிமேல் வீட்டில் நான் எதைக் கேட்கிறது?"

"பிள்ளைகள் பசித்துக் கத்துவதைக் கேள்" என்றாள் ஹரு. அதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. பலகை இடுக்கில் அலகை வைத்து, தன் குரல் முழுவதையும் உள்ளே ஊதிவிட்டாள்.

சாயங்காலம் பூனை நடையில் ஏறியது. ஒரு கால் வைத்தது. "கீச்!" திடுக்கிட்டு அடுத்த காலை வைத்தது. "கீச், கீச்!" ஹரு பாய்ந்து வந்து அதன் மூக்கிலேயே கொத்தினாள். சத்தம் கேட்டு ஒரு பிட்சு விளக்குமாறோடு ஓடிவந்தார். பூனை புத்தரைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

குஞ்சுகள் பிழைத்தன. அவற்றுக்குப் பாட்டை அப்பன்தான் சொல்லிக்கொடுத்தான். ஹரு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று முதல்தான் அந்தக் கோயில் நடையில் எவ்வளவு பதுங்கிக் கால் வைத்தாலும் பலகை குருவிபோலக் கீச்சிடுகிறது. புதரில் ஆண்குருவி மட்டும் பாடுகிறது. தாய்க்குருவி வாய் திறப்பதில்லை, பலகைச் சத்தம் கேட்டதும் குஞ்சுகள் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.