கல்லில் வெட்டிய ஒரு வரி

மணற்குடி நாட்டில் அரசுரிமை தகப்பனிடமிருந்து மகனுக்கு வருவதில்லை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் குடத்தில் ஓலை போட்டு அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படி வந்தவர்தான் மருதவேள். நல்ல மனுஷர். ஆனால் தம்மோடு சொக்கட்டான் ஆடியவர்களையெல்லாம் மந்திரிகளாக்கிவிட்டார்.

அவர்கள் சும்மா இருப்பார்களா? போர்க்கப்பல் கட்டப் பாதுகாத்து வைத்திருந்த தேக்குக் காட்டை, மந்திரி வெண்காடன் ரகசியமாக வியாபாரிகளுக்குக் குத்தகைக்கு விட்டார். இன்னொருவர் வைத்தியசாலைக் கட்டில்களை விற்றார். காயம்பட்ட வீரர்கள் தரையில் படுத்தார்கள். ரகசியம் வெளியே வந்து, ஊரே காறித் துப்பியது.

பதவி முடிய ஒரு மாதம் இருந்தது. தன் பெயர் என்னாகுமோ என்று அரசருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவைப்புலவர் நக்கண்ணனைக் கூப்பிட்டார்.

"புலவரே, என் ஆட்சியைப் பற்றி ஒரே வரியில் கல்வெட்டு வேண்டும். யாரும் அதைப் பொய் என்று சொல்லக் கூடாது."

"உண்மையையே எழுதிவிடலாம், அரசே."

"படித்ததும் என் மனம் குளிரவும் வேண்டும். குளிராவிட்டால் யானைக் காலால் இடறச் செய்வேன்!"

நக்கண்ணனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சிற்பியிடம் போனார்.

ஒரு வாரத்தில் சந்தைத் திடலில் கல்லை மூடியிருந்த திரை விலகியது.

'மருதவேளாட்சியில்திருடர்பயமின்றிவாழ்ந்தனர்.'

அரசர் உரக்கப் படித்தார். "மருதவேள் ஆட்சியில், திருடர்பயமின்றி வாழ்ந்தனர்! ஆகா!" முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டார். வெண்காடனும் பலமாகக் கை தட்டினார்.

கூட்டத்திலிருந்து ஒரு மீன்காரி எட்டிப் பார்த்துத் தானும் படித்தாள்.

"மருதவேள் ஆட்சியில் திருடர்... பயமின்றி வாழ்ந்தனர். அட, ரொம்பச் சரி!"

திடலே குலுங்கிச் சிரித்தது. அரசர் முகம் கறுத்தது.

"புலவரே! என்ன இது?"

நக்கண்ணன் கைகூப்பினார். 

"கல்லில் வெட்டும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கமில்லை, அரசே. அவரவர் நிறுத்துகிற இடத்தில் அவரவருக்கு அர்த்தம்."

"நாளைக்கு வருகிறவர்கள் எப்படிப் படிப்பார்கள்?"

"பதவி முடிய இன்னும் சில வாரம் இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்பது தங்கள் கையில்தான்."

அரசர் கல்லைப் பார்த்தார். வெண்காடனைப் பார்த்தார். வெண்காடன் மெல்லக் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தார். சட்டென்று வயிறு குலுங்கச் சிரித்தார் அரசர்.

"மாலையை நீரே வைத்துக்கொள்ளும், புலவரே! காவலர்களே, முதலில் இந்த வெண்காடனை நிறுத்துங்கள்!"