இரண்டு ‘ஒ’

கிட்ட வந்து உட்காருங்க. இது மெதுவாகச் சொல்ல வேண்டிய கதை.

ஒரு கல்லூரியில் பிளாஸ்டிக் ஆய்வுக்கூடம். இருதயராஜ் அங்கே மாணவர். வயது நாற்பத்தெட்டு. பிளாஸ்டிக் குடம் வார்க்கும் கம்பெனியில் இருபது வருஷம் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். ஆசிரியை தெய்வானை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

அடுப்பில் இரண்டு குடுவை. இரண்டிலும் ஒரே பிளாஸ்டிக், சூடான கரைசலாக, தண்ணீர் மாதிரித் தெளிவாக. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நீளச் சங்கிலிகள். ஒன்றில் சங்கிலியின் கிளையெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும், அது ஒழுங்கு. மற்றதில் கண்ட பக்கம் பார்க்கும், அது ஒழுங்கற்றது. இருதயராஜ் சோம்பல்பட்டு இரண்டின் மேலும் ‘ஒ’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்.

அன்றைக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டார். ஊற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த ஒழுங்கானதைச் செய்ய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை பரிசோதகர் முன் வைக்காவிட்டால் பட்டம் இல்லை.

“மேடம், ரெண்டு வருஷமும் போச்சு.”

“எங்கே போச்சு? அதுக்குள்ளேதானே இருக்கு.” தெய்வானை எட்டிப் பார்த்தார். “முழுசா எழுத மை பத்தலையா சார்?”

இருதயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. “நிறம் ஒண்ணு, வாசனை ஒண்ணு. எதை வச்சுப் பிரிக்கிறது? ஆறவிட்டுப் பார்க்கட்டா?”

“ரெண்டும் கட்டிக்கிட்டுக் கூழா உறையும். சூட்டைக் கொஞ்சம் மட்டும் இறக்கிட்டுக் கலக்குங்க.”

“கலந்துட்டேன்னுதானே அழறேன். இன்னும் கலக்கவா?”

“கலக்குங்க.”

பாத்திரத்துக்குள் கலக்கும் கம்பி சுழன்றது. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. இருதயராஜ் மனதுக்குள் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய், மேனேஜரிடம் வேலைகூடக் கேட்டுவிட்டார். அப்போது கம்பியில் நரைமுடி மாதிரி ஓர் இழை. அதன்மேல் இன்னொன்று.

“மேடம்! நூல் சுத்துது!”

“சுழல்ல எல்லாச் சங்கிலியும்தான் நீளுது. கிளை ஒரே பக்கம் இருக்கிறது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்கிக்கும். மத்ததுக்கு அடுக்க வராது. சுருண்டு கரைசலுக்கே போயிடும்.”

சாயங்காலம் கம்பியைத் தூக்கி, அலசி, வெள்ளை நாரை உரித்துச் சீசாவில் போட்டார் இருதயராஜ். இரண்டு வருஷம், ஒரு கைப்பிடி.

பாத்திரத்தில் மீதி தெளிவாக நின்றது.

“இந்த ஒழுங்கில்லாததைக் கொட்டிடவா மேடம்?”

தெய்வானை அதில் கொஞ்சம் கண்ணாடித் தகட்டில் விட்டுக் காயவைத்தார். “முதல்ல சீசாவுக்குப் பேர் எழுதுங்க. முழுசா.”

இருதயராஜ் ஒரு சீட்டில் ‘ஒழுங்கு’ என்று எழுதி நீட்டினார்.

தெய்வானை தகட்டில் பிசினாக நின்றதை விரலால் வழித்தார். சீட்டின் பின்னால் தடவிச் சீசாவில் ஒட்டினார்.