ஜெனில்சனின் வலது கை

"வாத்தியாரே, என் மகள் கிளாசுல கை தூக்க மாட்டேங்கறா."

வாத்தியார் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பதில் தெரியாதா?"

"எல்லாம் தெரியும். கை தூக்கினா பசங்க 'ஆப்சைடு'ன்னு கத்தறாங்களாம்."

"எதுக்கு?"

ஜெனில்சன் தரையைப் பார்த்தான். "என்னாலதான்."

வாத்தியாரின் பெயர் அபீலியோ. போர்ச்சுகலின் கடலோரத்தில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். அந்த ஊர்க் கால்பந்து கிளப்புக்கு அவர்தான் பயிற்சியாளர். பிரேசில்காரர்கள் பயிற்சியாளரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெனில்சனுக்கு முப்பத்தாறு வயது, வாத்தியாருக்கு முப்பத்திரண்டு. அதனால் வாத்தியார் மாணவனிடம் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார்.

ஜெனில்சன் பிரேசில்காரன், தடுப்பாட்டக்காரன். இருபத்தொரு வயதில் ஒரே ஒரு பையோடு ஐரோப்பாவில் வந்து இறங்கியவன். பெல்ஜியம், போலந்து, கிரீஸ், சைப்ரஸ், மறுபடி கிரீஸ், ருமேனியா, இப்போது போர்ச்சுகல். பதினைந்து வருஷம், ஏழு கிளப். உடம்பு இரும்பு, மனசு வெண்ணெய். பழக்கம் ஒன்றுதான் கெட்டது.

எதிரணி ஆள் கடைசித் தடுப்பாட்டக்காரனையும் தாண்டி நின்றுகொண்டு பந்தை வாங்கினால் அது ஆப்சைடு. கோட்டோரம் ஓடும் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார், ஆட்டம் நிற்கும். லைன்ஸ்மேன் தூக்குகிறாரோ இல்லையோ, நம்ம ஆள் தன் வலது கையைத் தூக்கிவிடுவான். தூக்கிக்கொண்டு அப்படியே நின்றும் விடுவான். எதிரணி ஆள் நிற்க மாட்டான். அவன் பாட்டுக்குப் போய்க் கோல் போட்டுவிட்டு வருவான்.

மறுநாள் பேப்பரில் படம் வரும். முன்னால் கோல் போட்டவன். பின்னால், பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி கை தூக்கியபடி ஜெனில்சன்.

ஏழு கிளப்பிலும் இந்தப் படம் உண்டு. போலந்துப் படத்தில் பனி கொட்டுகிறது, கையில் உறை. கிரீஸ் படத்தில் இரண்டு கையும் மேலே. பிரேசிலில் அவன் அம்மா எல்லாப் படத்தையும் வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். "எம்புள்ள எனக்குத்தான் கையாட்டறான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். அவளிடம் உண்மையைச் சொல்ல இதுவரை யாருக்கும் மனம் வரவில்லை.

மகள் லுவானாவின் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. இன்டர்நெட்டில் அவள் அப்பா பெயரைத் தட்டினார்கள். ஏழு படங்களும் வரிசையாக வந்து நின்றன.

பதினோரு வயதுப் பெண். 'நான் புதுசு' என்று ஐந்து மொழிகளில் சொல்லத் தெரிந்தவள். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஆனாலும், கேள்வி கேட்டால் முதலில் எழும் கை அவளுடையது. இரண்டு மாதமாக அந்தக் கை மேஜைக்கு அடியிலேயே கிடக்கிறது.

"நீங்க ஒரு தடவை ஸ்கூலுக்கு வந்து டீச்சர்கிட்ட பேசினா..."

"எந்தக் கை?"

"அவளோடதா?"

"உங்களோடது."

"வலது."

"கோல் விழுந்தப்பல்லாம் நீங்க தூக்கினது சரியா, தப்பா?"

"பாதிக்குப் பாதி சரி, வாத்தியாரே! வீடியோ போட்டுக் காட்டறேன். கிரீஸ்ல அந்த ஆள் ரெண்டு மீட்டர் தள்ளி நின்னான்!"

"கோல் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

வாத்தியார் எழுந்து உள்ளே போனார். ஒரு மஞ்சள் கொடியோடு வந்தார். அதை ஜெனில்சனின் வலது கையில் வைத்தார்.

"பத்து நாள் பயிற்சி ஆட்டத்துல நீங்க ஆட வேண்டாம். லைன்ஸ்மேனா ஓடுங்க."

"நான் கேட்டது மகளைப் பத்தி!"

வாத்தியார் மறுபடி ஆரஞ்சை எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் ஜெனில்சனுக்குக் கோபம் தாங்கவில்லை. சீசனின் கடைசி ஆட்டத்துக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது. தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். இந்த நேரத்தில் கொடி பிடிக்கச் சொல்கிறாரே! இருந்தாலும் ஓடினான். கால் மணி நேரத்துக்குள் ஒரு கோல் விழுந்தது. இளம் தடுப்பாட்டக்காரன் ஒருவன் அவன் மேல் பாய்ந்தான்.

"ஆப்சைடு அது! கை தூக்கினேனே, பாக்கலையா?"

"உன் கையைப் பாக்கறதா என் வேலை?" ஜெனில்சனும் கத்தினான். "நான் அவன் காலைப் பாக்கணும், உன் காலைப் பாக்கணும், பந்து எப்பக் கிளம்புதுன்னு பாக்கணும். இதுல உன் கை வேறயா!"

கத்தி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

பதினைந்து வருஷமாகத் தூக்கிய கையை எந்த லைன்ஸ்மேனும் பார்த்திருக்கவில்லை. கேமராக்காரர்கள்தான் பார்த்திருக்கிறார்கள்.

வாத்தியாரிடம் ஓடினான். "புரிஞ்சுபோச்சு வாத்தியாரே! கை தூக்கக் கூடாது!"

"சரி."

"நாளையிலேருந்து ஆடட்டுமா?"

"இன்னும் ஒன்பது நாள் இருக்கு."

ஒன்பது நாளும் ஓடினான். சரியாகவும் தூக்கினான், தப்பாகவும் தூக்கினான். சில சமயம் வியர்வை கண்ணில் இறங்கி எதுவுமே தெரியாமல் நின்றான். தான் திட்டித் தீர்த்த ஆறு நாட்டு லைன்ஸ்மேன்களிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

பத்தாம் நாள் வாத்தியார் கொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஜெனில்சன் தன் வெறும் கையைப் பார்த்தான்.

"ஒரு சந்தேகம், வாத்தியாரே. அந்த நேரம் வந்தா இது தானா எழும்பிடும். பதினஞ்சு வருஷப் பழக்கம். கட்டியா வைக்க முடியும்? இதை என்னதான் பண்றது?"

வாத்தியார் கொடியைச் சுருட்டினார்.

"ஓடும்போது அதையும் கூட்டிட்டுப் போங்க."

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம். டிரா ஆனால் போதும், கிளப் பிழைத்துவிடும். ஊரே மைதானத்தில் இருந்தது. மீன் சந்தையைக்கூடச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் லுவானா, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எண்பத்தெட்டாவது நிமிஷம். இரு பக்கமும் கோல் இல்லை.

நடுவிலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. எதிரணி ஆள் அதை வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினான். ஜெனில்சன் கண்ணாலேயே பார்த்தான். ஆப்சைடு. சந்தேகமே இல்லை. பக்கத்திலிருந்த மூன்று தடுப்பாட்டக்காரர்களும் கை தூக்கி நின்றுவிட்டார்கள். லைன்ஸ்மேனின் கொடி இன்னும் கீழேதான் இருந்தது.

வலது கை எழும்பியது. தோள் வரைக்கும் வந்தேவிட்டது.

ஜெனில்சன் அதைக் கூட்டிக்கொண்டு ஓடினான்.

நாற்பது மீட்டர். முப்பத்தாறு வயது முழங்கால். எதிரணி ஆள் கோல்கீப்பரையும் ஏமாற்றிவிட்டுப் பந்தை உருட்டிவிட்டான். அது நிதானமாகக் கோலைப் பார்த்து உருண்டது. ஜெனில்சன் சறுக்கிக்கொண்டே போய், கோட்டின் மேல் அதை எட்டி உதைத்தான். பந்து வெளியே போனது. அவன் உள்ளே போனான், தலை, கால், முழங்கை எல்லாவற்றோடும் வலைக்குள்.

அப்போதுதான் மைதானம் சிரிப்பது கேட்டது.

தலையைத் திருப்பிப் பார்த்தான். லைன்ஸ்மேனின் கொடி மேலே நின்றது. விசில் ஊதி வெகு நேரம் ஆகியிருந்தது. அவன் காதில்தான் விழவில்லை.

கோல்கீப்பரும் எதிரணி ஆட்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனை வலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். "எத்தனை கிலோ தேறும்?" என்று மேலேயிருந்து ஒரு மீன்காரர் கேட்டார். ஊரே மறுபடி சிரித்தது. அடுத்த சில நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. டிரா. கிளப் பிழைத்தது.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் பாடிக்கொண்டிருக்க, ஜெனில்சன் நொண்டிக்கொண்டே வாத்தியாரிடம் போனான்.

"அது ஆப்சைடு, வாத்தியாரே."

"ஆமா."

"நான் ஓடியிருக்கவே வேண்டாம்."

"ஆமா."

"நாப்பது மீட்டர், வாத்தியாரே! வீணாப்போச்சு!"

வாத்தியார் பாதி ஆரஞ்சை அவனிடம் நீட்டினார்.

"அப்போ உங்க வலது கை எங்க இருந்தது?"

ஜெனில்சன் யோசித்துப் பார்த்தான். தோள் வரைக்கும் வந்தது ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

"என்கூடத்தான் வந்திருக்கும் போல," என்றான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆரஞ்சைத் தின்று முடித்துவிட்டுக் கேட்டான்: "மகள் விஷயத்துக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

"அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க?" என்றார் வாத்தியார். "அவ உங்க வீட்டுலதானே இருக்கா?"

மறுநாள் காலைப் பேப்பரில் படம் வந்தது. வலைக்குள் சுருண்டு கிடக்கும் ஜெனில்சன். பின்னால் கை தூக்கி நிற்கும் மூன்று பேர். பிரேசிலிலிருந்து அம்மா போன் செய்து, "ஏன்டா, இந்தத் தடவை எனக்குக் கையாட்டல?" என்று குறைபட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் லுவானா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையைக் கழற்றி வைத்தாள். ரொட்டியை எடுத்துக் கடித்தாள். ஜெனில்சன் முழங்காலில் ஐஸ் கட்டியபடி உட்கார்ந்திருந்தான். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"இன்னிக்கு டீச்சர் ஏதாவது கேள்வி கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நான் கை தூக்கினேன்."

"பசங்க கத்தினாங்களா?"

"கத்தினாங்க. எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து. ஆப்சைடுன்னு."

"அப்புறம்?"

"நீ மட்டும் விசில் ஊதினப்புறமும் நின்னியா?" லுவானா வாயில் ரொட்டியோடு சொன்னாள். "எழுந்து பதில் சொன்னேன்."

"சரியான பதிலா?"

"தப்பு," என்றாள். "அடுத்த கேள்விக்கும் தூக்கினேன்."