கிணற்றடித் தெருவின் உறைமோர்

எந்தக் காலம்னு கேட்காதீங்க, ராஜாக்கள் இருந்த காலம். ஆம்பல்கோட்டையை மாறவேல்னு ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனா காலையில ஒண்ணு சொல்வார், மத்தியானம் வேற சொல்வார். யார் கடைசியா காதுல ஓதினாங்களோ அவங்க பேச்சுதான் சட்டம். தயிர்ச்சோறு விஷயத்துல மட்டும் மாறவே மாட்டார். தினமும் வேணும்.

சபையில விருதுராயர்னு ஒருத்தர். மாளிகை வீதிக்காரர். அரண்மனைக்குப் பின்னால இருந்த கிணற்றடித் தெருவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எப்பப் பார்த்தாலும் அங்கே பேச்சும் சிரிப்புமா இருக்கும், அதுதான் எரிச்சல்.

"பிரபு, அது தெருவா, சந்தைக்கடையா? அந்த இருபத்திரண்டு வீட்டையும் இடிச்சுட்டு நந்தவனம் போட்டா அரண்மனைக்கு எவ்வளவு அழகு!"

"போட்டுடுவோம்!"ன்னுட்டார் ராஜா.

தெருவே சபைக்குத் திரண்டு வந்துருச்சு. முன்னால நின்னவ அங்காயி. மோர் விக்கிறவ. வாய் அதிகம், புத்தி அதைவிட அதிகம்.

"ராஜா, தெருன்னா என்னன்னு பார்த்துட்டு இடிங்க. மாளிகை வீதியிலயும் இருபத்திரண்டு வீடுதான். ரெண்டு தெருவுலயும் இருக்கிற தயிர், மோர் எல்லாத்தையும் எடுத்துடுங்க. வீட்டுக்கு ஒரு பானை பால் குடுங்க. உறை ஊத்த தெருவுக்கு ஒரே கிண்ணம் மோர், ஒரே வீட்டுல. வெளியில வாங்கக் கூடாது. நாளைக் காலையில எங்க பானை எல்லாம் உறைஞ்சு, அவங்களது உறையலைன்னா எங்க தெரு நிக்கட்டும்."

"ரெண்டும் உறைஞ்சா?" விருதுராயர் பாய்ஞ்சார்.

"நாங்களே இடிச்சுக் குடுக்கறோம் சாமி."

பக்கத்துல நின்னவங்க அவ முந்தானையைப் பிடிச்சு இழுத்தாங்க. "ஏன்டி இப்படி வாயைக் குடுத்தே?"ன்னாங்க. "சும்மா இருங்க, அந்த வீதி எனக்குத் தெரியும்"னா அங்காயி.

ராஜாவும் சரின்னுட்டார். மாளிகை வீதிக் கிண்ணம் விருதுராயர் வீட்டுக்கும், கிணற்றடித் தெருக் கிண்ணம் அங்காயி வீட்டுக்கும் போச்சு. விடிஞ்சதும் சபையில பானைகள் வந்திறங்குச்சு. விருதுராயர் பானை கெட்டித் தயிர். மத்த இருபத்தொண்ணும் திரிஞ்ச பால்!

"என்னய்யா இது?"ன்னார் ராஜா.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே பிரபு! யாரும் கேட்கலையே"ன்னார் விருதுராயர்.

அடுத்த வீட்டுக்காரர் பொங்கிட்டார். "கிண்ணத்தைத் தூக்கிட்டு இவர் வாசல்ல போய் நிக்கறதா? என் கௌரவம் என்ன ஆகறது?"

"விருதுராயரே, உம்ம பக்கத்து வீட்டுக்காரர் பேர் என்ன?"ன்னு கேட்டார் ராஜா.

விருதுராயர் தலையைச் சொறிஞ்சார். சபை கொல்லுன்னு சிரிச்சது.

அடுத்தது கிணற்றடித் தெரு. ஒவ்வொரு பானையா ராஜாவே சாய்ச்சுப் பார்த்தார். எல்லாம் கத்தியால வெட்டலாம் போலத் தயிர். ஆனா எண்ணிக்கை இருபத்துமூணு!

"ஏமாத்து வேலை! ஒரு பானை அதிகம்!" விருதுராயர் துள்ளினார்.

அரண்மனைச் சமையல்காரர் முன்னால வந்தார். "பிரபு, அது நம்ம பானை. நீங்க தினமும் பானையை வழிச்சுச் சாப்பிட்டுடறீங்க, உறைக்குக் கூட மிச்சம் இருக்கறதில்ல. பத்து வருஷமா பின்வாசல் வழியா போய் இந்தத் தெருவுலதான் வாங்கறேன். நேத்தும் பழக்கதோஷத்துல பால் பானையோட போய் நின்னுட்டேன். அந்த ஒரே கிண்ணத்துலயும் எனக்குன்னு ரெண்டு சொட்டு வச்சிருந்தாங்க. அங்கேயே உறை ஊத்தி வச்ச பானை, காலையில இவங்க பானைகளோட சேர்ந்து வந்துருச்சு."

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னுச்சு. "உங்க வீட்டை இடிக்கப் போறவன் பானைக்கா உறை குடுத்தீங்க?"

அங்காயி நிமிர்ந்து நின்னா. "கேட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பின பேர் எங்க தெருவுக்கு இல்ல ராஜா. அரண்மனையும் எங்க தெருக்கோடி வீடுதானே."

நந்தவனப் பேச்சு அதோட ஒழிஞ்சுது. ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழட்டி அங்காயி கையில குடுத்தார். "விருதுராயரே, இனி இருபத்தொரு நாள், நாளுக்கொரு வீடா உம்ம வீதியில உறைமோர் கேட்டு வாங்கணும். வீட்டுக்காரர் பேரையும் வந்து எனக்குச் சொல்லணும்"னு உத்தரவு போட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் அரண்மனைப் பின்வாசல் திறந்தது. கையில கிண்ணத்தோட வந்து நின்னவர் சாட்சாத் ராஜா!

"அங்காயி, கொஞ்சம் உறைமோர் இருக்குமா?"